வெள்ளை நிற்கும் வரை

“ஜெயிச்சவ குதிப்பா, தோத்தவ அழுவா. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கினு நீ இன்னா பண்ணுவ?”

பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் ஆட்டத்துக்கு நடுவராகப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா கேட்ட கேள்வி இது. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். படித்த பெண் நாற்காலியில் உட்காருவாள் என்று நினைத்திருந்தவளுக்கு, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை எப்படிப் புரியும்?

“பாத்துக்கினு இருப்பேன்மா” என்றேன்.

“பாக்கறதுக்கு எதுக்குடி பி.காம்?”

பூல் ஹாலில் மார்க்கராக இரண்டு வருஷம், நடுவராக ஆறு வருஷம் பார்த்துக்கொண்டு இருந்தேன். இருபத்தொன்பது வயதில் நானாகவே ஓய்வு பெற்றுக்கொண்டேன். இருபத்தொன்பதில் ஓய்வா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு வேலையை மனசார விட்டவருக்குத்தான் அது ராஜினாமா. எனக்கு அப்படி இல்லை. இப்போது ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் பேனா உருண்டால், அது நிற்கும் வரை என்னால் வேறு எதையும் பார்க்க முடிவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் இதைக் கவனித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம், போன மாதம் மாநில பூல் சங்கத்திலிருந்து நடுவர்களுக்கு வந்த ஒரு சுற்றறிக்கை. இனிமேல் இறுதி ஆட்டங்களில் கடைசிப் பந்து விழுந்து நடுவர் கை தூக்கியதும் பாட்டு ஒலிக்கும், விளக்கு சுழலும், வென்றவர் கொண்டாட அரை நிமிடம் தரப்படும். இளைய நடுவர் ஒருத்தி எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள்: “அக்கா, பாட்டு போடறவங்க என் கையதான் பாத்துக்கினு இருக்காங்க. ஒரு செகண்டு முன்னாடி தூக்குனா இன்னா ஆயிடும்?”

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குரல் செய்தியில் சொல்ல முடியவில்லை.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் இரண்டாவது மாடியில், மூன்று மேசைகளோடு இருந்தது காதர் பாயின் பூல் ஹால். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, மார்க்கர் வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மாடி ஏறினேன். பந்துகளைப் பொறுக்கி முக்கோணச் சட்டத்தில் அடுக்குவது, யார் எத்தனை ஆட்டம் வென்றார் என்று பலகையில் எழுதுவது, மேசைத் துணியைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, இவைதான் மார்க்கர் வேலை. பெண் வந்து நிற்பதைப் பார்த்து பாய் கொஞ்சம் தயங்கினார். “இங்கிலீஷ் படிப்பியா?” என்றார். சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைக் கடகடவென்று படித்து, தமிழிலும் சொன்னேன்.

“அரே, இத்தினி வருஷமா ஒட்டி வச்சிருக்கேன். இதுல இதான் எழுதியிருக்குதா?” என்றார் பாய். அன்றே என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஹால் ஓடியதே கல்யாணக் குடும்பங்களால்தான். முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வேனில் வருவார்கள். பெண்கள் கீழே உட்கார்ந்தால் ஐந்து மணி நேரம் எழுந்திருக்க மாட்டார்கள். ஆண்கள் மேலே வந்துவிடுவார்கள். நடுநடுவே கீழேயிருந்து போன் வரும்: “அரக்குக் கலரா, மாம்பழக் கலரா?” “ரெண்டும் நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தைக் குறி பார்ப்பார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோலால் அடிப்பது வெள்ளைப் பந்தை மட்டும்தான். அது போய் மற்றப் பந்துகளைத் தள்ள வேண்டும். ஆளுக்கு ஏழு பந்து. தன்னுடைய ஏழையும் மேசையின் ஆறு குழிகளில் தள்ளி முடித்தவர் கடைசியாகக் கருப்பைத் தள்ளினால் வெற்றி. ஆனால் கருப்போடு சேர்ந்து வெள்ளையும் குழியில் விழுந்துவிட்டால், தள்ளியவருக்கே தோல்வி. இது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் தாய்மாமனும் ஆடினார்கள். தாய்மாமன் கருப்பைத் தள்ளிவிட்டு, சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். “இன்னா சம்பந்தி, இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள தோத்துட்டீங்களே!” என்று பாடாத குறை. பெண்ணின் அப்பா கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய், பெண்களிடம் “எழுந்திருங்க, வேணாம்” என்றார். ஐந்து நிமிடத்தில் கடை மேனேஜர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். “யோவ் பாய்! கீழ நாங்க கல்யாணம் பண்ணி வைக்கிறோம், மேல நீ பிரிச்சி வுடறியா?” இரண்டு வீட்டாரையும் சமாதானப்படுத்தி மறுபடி புடவை பார்க்க உட்காரவைக்க மூன்று சுற்றுக் காபி ஆனது.

மறுநாள் பாய் ஒரு சட்டம் போட்டார். “இனிமே ஜெயிச்சவன் பந்து பொறுக்கணும். ஆறு குழியிலயும் கை வுட்டு எடுத்து, தோத்தவனுக்கு அடுத்த ஆட்டத்த அடுக்கி வைக்கணும். கை வேலையா இருந்தா குதிக்க முடியாது, இல்ல? ஷோர் நக்கோ, சத்தமே கூடாது.” அதைத் தமிழில் அட்டையில் எழுதி மாட்டியது நான். என் கையெழுத்து ஒரு பொது இடத்தில் தொங்கியது அதுதான் முதல் தடவை. அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து நேராக இருக்கிறது என்றாள்.

அந்தச் சட்டம் வந்த பிறகு ஹால் மாறிவிட்டது. வென்றவர் குனிந்து குழிக்குள் கைவிட்டுப் பந்து எடுப்பார். தோற்றவர் பக்கத்தில் வந்து நிற்பார். “அந்த ஏழாம் நம்பர நீ வுட்டிருக்கக் கூடாதுபா” என்று பேச்சு தொடங்கும். சந்தோஷம் அங்கேதான் இருந்தது. கொஞ்சம் குனிந்து இருந்தது, அவ்வளவுதான்.

ரேவதி இதில் வளர்ந்தவள். பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா முனுசாமி சாயப்பட்டறையில் நூல் முக்குகிறவர். பள்ளி முடிந்து வந்து, மேசை காலியாக இருந்தால் ஆடுவாள். ஒரே வருஷத்தில் வேன்களில் வந்த மாமன்மார் எல்லோரையும் தோற்கடித்தாள். ஆகவே நாள் முழுக்கப் பந்து பொறுக்கியவளும் அவள்தான். “ஜெயிக்கிறதவிட பொறுக்கறதுதான்க்கா இடுப்பு வலிக்குது” என்பாள்.

நடுவர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தமிழில் எழுதிக்கொண்டேன். மூன்று நாள் வகுப்பு, ஒரு நாள் தேர்வு. இருபத்துமூன்றாவது வயதில் வெள்ளைக் கையுறை போட்டேன்.

சொல்ல வேண்டியது லீலா மேடத்தைப் பற்றி. சங்கத்தின் தலைமை நடுவர். ஆட்டம் தொடங்கும் முன் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து உள்ளங்கையைக் காட்டச் சொல்வார். கையுறையில் கோல் முனைக்குத் தேய்க்கும் சாக்பீஸ் தூள் இருந்தால், ஒன்றும் சொல்லாமல் தன் பையிலிருந்து வேறு ஜோடி எடுத்துத் தருவார். அதை வாங்கும்போது ஏற்படும் அவமானம் ஒரு வருஷத்துக்குப் போதும். எங்களிடம் பேசும்போது எங்களைப் பார்க்க மாட்டார், மேசையைப் பார்த்துத்தான் பேசுவார். எந்தத் தகராறு வந்தாலும் அவர் கேட்பது மூன்றே கேள்வி: “என்ன பார்த்தே? எங்கே நின்னே? எப்போ சொன்னே?” ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மேடம் சொல்லித் தந்த விதிகள் இவை: உன் நிழல் மேசையில் விழக் கூடாது. ஆடுகிறவரின் பார்வைக்கு நேரே நிற்கக் கூடாது. நகர வேண்டுமென்றால் அவர் குனிவதற்கு முன்பே நகர்ந்துவிடு. கடைசியாக, கருப்பு விழுந்ததும் ஆட்களைப் பார்க்காதே, வெள்ளையைப் பார். அது நின்றதும் மனசுக்குள் ஒன்று என்று எண்ணு. பிறகு கையைத் தூக்கு.

அந்த ‘ஒன்று’க்காகத்தான் இன்னமும் ஏங்குகிறேன். கருப்பு விழுந்துவிட்டது, வெள்ளை நின்றுவிட்டது, என் கை இன்னும் கீழே இருக்கிறது. முந்நூறு பேர் மூச்சைப் பிடித்திருக்கிறார்கள். ஒருத்தி வென்றுவிட்டாள், ஆனால் இன்னும் வெல்லவில்லை. அம்மா கேட்ட அந்த நடு அதுதான். அங்கே நின்றவர்களுக்குத்தான் அது எவ்வளவு விசாலமான இடம் என்று தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன் நடந்த மாநிலப் போட்டி. பெண்கள் பிரிவின் இறுதி ஆட்டத்துக்கு ரேவதி வந்துவிட்டாள். அவளுக்கு இருபது வயது. முதலிடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். முனுசாமி அண்ணன் அந்த மனுவை முன்கூட்டியே வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் சென்னைக்கு வந்திருந்தார்கள். வேன் ஏற்பாடு காதர் பாய்.

எதிரே ஆடியவள் ஆஷா, கோயம்புத்தூர்ப் பெண். மேடம் அவளைக் கூப்பிட்டு, “நடுவரும் காஞ்சிபுரம். உனக்கு ஆட்சேபம் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “உன்னால முடியுமா?”

“முடியும் மேடம்.” யோசிக்கவே இல்லை. ஆறு வருஷத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

ஆளுக்கு ஆறு ஆட்டம் வென்று சமமாக நின்றார்கள். கடைசி ஆட்டம். மேசையில் ரேவதிக்குக் கருப்பு மட்டும் மீதி. மூலைக் குழிக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவள் குனிந்தாள். நான் சரியான இடத்தில்தான் நின்றேன். என் நிழல்கூட விழவில்லை. அடித்தாள். கருப்பு நேராகப் போய் விழுந்தது.

வேனில் வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கூட்டத்தில் முனுசாமி அண்ணனின் சாயம் ஏறிய சிவந்த விரல்கள் மேலே எழுந்ததைப் பார்த்தேன். ஆட்களைப் பார்க்காதே என்பதுதான் விதி. பார்த்தேன். என் கை உயர்ந்திருந்தது. “ஆட்டமும் போட்டியும், ரேவதி” என்று சொல்லிவிட்டுப் புள்ளி எழுதுகிறவர் பக்கம் திரும்பினேன். ஆஷா தன் கோலைக் கழற்றி உறையில் போடத் தொடங்கினாள்.

ரேவதி குதிக்கவில்லை. அழவில்லை, கத்தவில்லை. வேறு ஊர்க்காரியாக இருந்தால் அப்பாவிடம் ஓடியிருப்பாள், கதை அங்கேயே முடிந்திருக்கும். இவள் கோலை வைத்துவிட்டு, பல வருஷப் பழக்கத்தில், குனிந்து பந்து பொறுக்க ஆரம்பித்தாள். மூலைக் குழியில் கருப்பை எடுத்தாள். நடுக்குழியில் கை விட்டாள். கை வெளியே வரவில்லை.

“அக்கா” என்றாள். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

“வெள்ளை உள்ள கீதுக்கா.”

கையை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளங்கையில் வெள்ளைப் பந்து.

இப்போதுபோல மேசைக்கு மேல் காமிரா அப்போது இல்லை. எழுந்து நின்ற கூட்டத்தில் ஒருவரும் வெள்ளையைப் பார்த்திருக்கவில்லை. ஆஷா தலையைக் குனிந்திருந்தாள். மேடம் அரங்கின் மறு கோடியிலிருந்து நடந்து வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. ‘வெள்ளை நின்றது, நான் பார்த்தேன், பந்து பொறுக்கக் குனிந்தபோது இவள் சட்டைக் கை பட்டு விழுந்திருக்கும்’ என்று நான் சொன்னால் போதும். எல்லோரும் நம்புவார்கள். ரேவதியே நம்பிவிடுவாள். மனு உறையிலிருந்து வெளியே வரும். என் பெயரும் காப்பாற்றப்படும். ஒரே ஒரு சொல்: ‘நின்றது.’

“என்ன பார்த்தே?”

“கருப்பு விழுந்ததைப் பார்த்தேன் மேடம்.”

“வெள்ளை?”

ரேவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பந்தைக் குழிக்குள்ளேயே விட்டிருக்கலாம். நீட்டிவிட்டாள்.

“பார்க்கல மேடம்.”

“எங்கே நின்னே?” சொன்னேன். “எப்போ சொன்னே?”

“வெள்ளை ஓடிக்கினு இருக்கும்போதே தூக்கிட்டேன்.” மேடத்திடம் நான் எப்போதும் திருத்தமாகத்தான் பேசுவேன். அன்றைக்கு வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

மேடம் முதல் தடவையாக மேசையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “நீதான் சொன்னே. நீயே மாத்திச் சொல்லு” என்றார்.

மறுபடி கையைத் தூக்கினேன். அரங்கம் அடங்க நேரம் ஆனது. “ஃபவுல். வெள்ளை விழுந்தது. ஆட்டமும் போட்டியும், ஆஷா.” எங்கள் வேன் பக்கமிருந்து ஒருவர், “ஏம்மா, உனக்கு எந்த ஊரு?” என்று கத்தினார்.

ஆஷா பாதி கழற்றிய கோலோடு நின்றாள். வென்றவள் அவள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. சிரிக்கவும் முடியவில்லை. ரேவதிதான் அவள் பக்கம் போனாள். கண் நிறைந்திருந்தது, குரல் நிதானமாக இருந்தது.

“எங்க ஊர்ல ஜெயிச்சவங்கதான் பந்து பொறுக்கணும். நாலு குழி பாக்கி கீது. வாங்க.”

ஆஷா வந்தாள். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ரேவதி சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆட இன்னோர் ஆட்டம் இல்லை, ஆனாலும் இருவரும் சேர்ந்து பதினைந்து பந்துகளையும் அடுக்கி முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டம் கைதட்டியது. யாருக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது வேனை நிறுத்தி, காதர் பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும். முனுசாமி அண்ணன் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

“விழுந்தது விழுந்ததுதாம்மா. அதுல உன் மேல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு நிமிசம் அவ ஜெயிச்சவளா இருந்தா பாரு. அத நீதான் குடுத்த, நீதான் வாங்கிக்கின. அது இல்லாம இருந்திருந்தா தாங்கிக்குவேன்.”

மேடம் தன் அறிக்கையில் ‘எச்சரிக்கை’ என்று மட்டும்தான் எழுதினார். வேலையைப் பறிக்கவில்லை. நானாகத்தான் கையுறையைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். கொண்டாட உரிமை இல்லாத ஒரே ஆள் நான். அன்றைக்கு முதலில் கொண்டாடியவளும் நான்தான். கை தூக்கியதுதான் என் குதிப்பு.

கொண்டாட வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. பாட்டு வையுங்கள், விளக்கு போடுங்கள். எனக்கும் விசிலடிக்க ஆசைதான். அந்த இளைய நடுவர்ப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவே: ஒரு செகண்டு முன்னாடி தூக்கினால் நீ தூக்குவது உன் கையை மட்டும் இல்லை. ஒருத்தியையும் அவள் அப்பாவையும் சேர்த்துத் தூக்குகிறாய். பிறகு நீயேதான் இறக்கிவிட வேண்டியிருக்கும்.

இதை எழுத ஆரம்பித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சங்கத்தில் கேட்டேன். விலகிய நடுவர்கள் திரும்பச் சேரலாம், மறுபடி தேர்வு எழுத வேண்டும், முன்பு நாம் நடத்திய ஆட்டத்தில் ஆடிய ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார்கள். ரேவதி இப்போது அதே பட்டுக்கடையில், கீழ்த்தளத்தில் புடவை எடுத்துக் காட்டுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் மாடி ஏறி ஆடுகிறாள். மாநில முதலிடம் இன்னும் வரவில்லை. முனுசாமி அண்ணனின் உறையில் அந்த மனு இன்னும் இருக்கிறது.

ஒரு மதியம் அந்தத் தாளோடு அவளிடம் போனேன். விரித்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு வருஷம் நடுவரா நின்னுக்கிற. யாராண்ட வேணா வாங்கலாமே. ஏன் எங்கிட்ட?”

“உன்கிட்ட வாங்கினாத்தான் எனக்கு அது கையெழுத்து.”

தாளை முழுக்கப் படித்தாள். பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, போடாமல் நிறுத்தினாள்.

“ஒரு கண்டிசன்க்கா. என் மேட்ச்சுக்கு மட்டும் நீ நிக்கக் கூடாது.”

“இன்னும் கோவமா?”

“கோவம் இன்னா கோவம். நான் ஜெயிச்சா நீ குதிச்சிடுவ. அன்னைக்கே உன் மூஞ்சில பாத்தேன்.” சிரித்துக்கொண்டே போட்டாள்.

அவள் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து, ‘வேறு விவரங்கள்’ என்ற இடத்தில் என் கையாலேயே எழுதினேன்: காஞ்சிபுரம் ஆட்டக்காரர்கள் ஆடும் ஆட்டங்களுக்கு என்னை நியமிக்க வேண்டாம். அப்படியென்றால் ரேவதி வெல்லும் நாளில், நான் அதே அரங்கில் வேறொரு மேசையில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரோ அடித்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பின்னால் கைதட்டல் கேட்கும். திரும்ப மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது கொடியில் என் பழைய கையுறைகள் தொங்கின. மண்டபத்திலிருந்து கொண்டுவந்த மேசைத் துணிகளோடு சேர்த்து அம்மாவே துவைத்துக் கஞ்சி போட்டிருக்கிறாள். பத்து விரலும் விறைத்து நின்றன. ஒன்றை எடுத்து நீவி நீவி, விரல் மடங்கும்வரை மாட்டிப் பார்த்தேன்.